தீர்ப்பைவிடத் தடைக்குத்தான் பயம்

நேயர்களுக்கு வணக்கம். இந்த உரையைக் கைப்பேசியில் கேட்கிறவர்கள் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். அது ஐபோனாக இருந்தால், பெயர்ப் பட்டியலைத் திறந்து கடைசிப் பெயர் வரை தள்ளுங்கள். அதற்கு மேலும் விரலால் இழுத்தால் பட்டியல் கொஞ்சம் நீளும். விரலை எடுத்ததும் ரப்பர் பேண்ட் மாதிரி துள்ளி இடத்துக்கு வந்துவிடும். இந்தத் துள்ளலுக்கு ஆப்பிள் காப்புரிமை வைத்திருந்தது. 2011 ஏப்ரலில் சாம்சங் மீது தொடங்கிய பெரிய வழக்கில் இதுவும் ஒரு சங்கதி. போனின் மழுங்கிய மூலைகள், ஐகான்கள் அடுக்கியிருக்கும் விதம் என்று இன்னும் சிலவும் உண்டு.

2012 ஆகஸ்ட் 24, வெள்ளிக்கிழமை. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஜூரிகள் முடிவு சொன்னார்கள்: சாம்சங் ஏறக்குறைய 105 கோடி டாலர் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை சியோல் பங்குச் சந்தை திறந்ததும் சாம்சங் பங்கு சரியத் தொடங்கியது. அன்று மட்டும் 7.5 சதவீத இறக்கம். சுமார் 1,200 கோடி டாலர் மதிப்பு கரைந்துவிட்டது. கொடுக்க வேண்டியது 105 கோடி, பயத்தில் போனது அதைப்போலப் பதினோரு மடங்கு! கணக்கு உதைக்கிறதே என்றால், முதலீட்டாளர்கள் பயந்தது நஷ்ட ஈட்டுக்காக அல்ல. அமெரிக்கக் கடைகளிலிருந்து சாம்சங் போன்களை எடுத்துவிடச் சொல்லிவிடுவார்களோ என்றுதான்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த நாட்களில் ஐபோனுக்குள் இருந்த பிராசஸர் சிப்பைத் தயாரித்துக் கொடுத்ததே சாம்சங்தான், அதுவும் அமெரிக்காவிலேயே, டெக்சாஸில் உள்ள ஆஸ்டின் ஆலையில். வரப்புத் தகராறு கோர்ட்டில் நடக்கும்போதே அதே பங்காளியின் மோட்டாரில் தண்ணீர் பாய்ச்சுவதுபோல.

பயந்தபடி தடை வந்ததா? வரவில்லை. அந்த டிசம்பரிலேயே நீதிபதி லூசி கோ மறுத்துவிட்டார். வழக்கில் சிக்கிய மாடல்களில் பெரும்பாலானவை அதற்குள் பழசாகிக் கடையை விட்டே போயிருந்தன. நன்றாக விற்றுக்கொண்டிருந்த கேலக்ஸி எஸ்3 அந்த வழக்கிலேயே இல்லை. அந்த வருடம் உலகிலேயே அதிக ஸ்மார்ட்போன் விற்ற கம்பெனி சாம்சங்தான். அப்புறம் தொகை குறைந்தது, மறு விசாரணை நடந்தது, 2016இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பி வந்தது. 2018 மே மாதம் இன்னொரு ஜூரி 53.9 கோடி டாலர் என்றது; அடுத்த மாதமே இருவரும் சமரசம். ஏழு வருடம்!

ஒரு போன் சூடாக விற்பது முதல் சில மாதங்கள்தான். அந்த மாதங்களில் சரக்கு கடைக்கு வராவிட்டால், பிறகு வழக்கில் ஜெயித்தும் பயனில்லை. தைவானின் எச்டிசியைப் பாருங்கள். மெயிலில் வரும் போன் நம்பரைத் தொட்டால் அழைப்பு போகிறதல்லவா, அந்த வசதி தொடர்பான காப்புரிமையில் ஆப்பிளிடம் தோற்றது. 2012 மே மாதம், அதன் ஒன் எக்ஸ் போன்கள் அமெரிக்க சுங்கத்தில் சோதனைக்காக நின்றுவிட்டன. மென்பொருளை மாற்றியிருந்தோம் என்று சொல்லிச் சரக்கை வெளியே எடுப்பதற்குள், புதுப் போன் விற்க வேண்டிய நாட்கள் போய்விட்டன. எச்டிசி சரிந்ததற்கு இது மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சாம்சங்குக்கு இருந்த தெம்பு அதற்கு இல்லை.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். இது துள்ளலோ மூலையோ சம்பந்தப்பட்டதல்ல. 3ஜி போன்ற அடிப்படைத் தொழில்நுட்பக் காப்புரிமை. இது இல்லாமல் போனே செய்ய முடியாது என்பதால், நியாயமான விலைக்கு எல்லோருக்கும் கொடுத்தாக வேண்டும். எது நியாயம் என்பதில்தான் சண்டை. 2014 டிசம்பரில், இப்படிப்பட்ட காப்புரிமைகளை வைத்திருக்கும் ஸ்வீடனின் எரிக்சன் கேட்டதன் பேரில், சீனாவின் ஷாவ்மி (Xiaomi) போன்களின் விற்பனைக்கு டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. இந்தியாவுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத கம்பெனி அது. ஒரு வாரத்தில் தடை பாதி தளர்ந்தது: குவால்காம் சிப் உள்ள போன்களை விற்கலாம், ஒரு போனுக்கு 100 ரூபாய் நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். மீடியாடெக் சிப் உள்ளவற்றை விற்கக் கூடாது.

ஷாவ்மியின் ரெட்மி நோட் போன் அப்போது இரண்டு விதமாக இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். மீடியாடெக் சிப் போட்ட 3ஜி மாடல் 8,999 ரூபாய், அது முடங்கியது. குவால்காம் சிப் போட்ட 4ஜி மாடல் 9,999 ரூபாய், அது விற்றது. ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து 4ஜி போனை வாங்கியவர்கள் பலர். ஆனால் ஜியோ வர இன்னும் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்தது. அதுவரை அவர்களில் பெரும்பாலோர் அந்தப் போனிலும் 3ஜியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நன்றி, வணக்கம்.