அரசமைப்பில் எதை வேண்டுமானாலும் திருத்தலாமா? செண்பகம் வழக்கு முதல் கூடலூர் வழக்கு வரை

[திரையில்: 14 கட்டங்கள் கொண்ட ஒரு வரிசை. ஒவ்வொன்றாக நிறம் ஏறுகிறது.]

பழைய சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைப் பதினான்கு பதினான்காகப் பிரித்துத்தான் கொடுத்தார்கள். ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்றைய அரசாணை ‘ஹரிஜன்’ என்று எழுதிய பட்டியல் சாதியினருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. இதுதான் வகுப்புவாரி அரசாணை. ‘கம்யூனல் ஜி.ஓ.’ என்றால் பெரியவர்களுக்குச் சட்டென்று தெரியும்.

1950 ஜனவரி 26 அன்று அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டே செண்பகம் துரைராஜன் என்பவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். பிராமணர் என்பதால் மருத்துவக் கல்லூரியில் தனக்கு இடம் கிடைக்காது, இது அடிப்படை உரிமைக்கு எதிரானது என்பது அவர் வாதம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை! விசாரித்துப் பார்த்தேன், கிடைக்காது என்று தெரிந்தது என்றார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இது பதிவாகியிருக்கிறது. ஆனாலும் வழக்கு ஏற்கப்பட்டது, அரசாணை விழுந்தது.

[திரையில்: பிரிவு 16(4), பிரிவு 29(2) அருகருகே]

1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் கொடுத்த தீர்ப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். அரசுக் கல்வி நிறுவனத்தில் மதம், சாதி போன்றவற்றை மட்டுமே காரணமாகக் காட்டி யாருக்கும் இடம் மறுக்கக் கூடாது என்கிறது 29(2). அரசு வேலையில் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு தரலாம் என்கிறது 16(4). கல்விக்கு அப்படி ஒரு வரி இல்லை. வேலைக்கு எழுதியவர்கள் கல்விக்கு எழுதவில்லை என்றால் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள் என்று நீதிபதிகள் எடுத்துக்கொண்டார்கள். நலிந்த பிரிவினரின் கல்வியை அரசு முன்னேற்ற வேண்டும் என்று 46-வது பிரிவு சொல்கிறதே என்று மாகாண அரசு கேட்டது. அது வழிகாட்டு நெறிமுறை, அதாவது நீதிமன்றம் மூலம் கட்டாயப்படுத்த முடியாத கொள்கை, அடிப்படை உரிமைக்கு அடங்கித்தான் நடக்க வேண்டும் என்று பதில் வந்தது.

எழுத்தை எழுத்தாகவே படிக்கும் முறை இது. தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த 14 கட்டங்களுக்குப் பின்னால் இருந்த சமூக வரலாறு தீர்ப்பில் எங்கும் எட்டிப்பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

சென்னையில் போராட்டம் வெடித்தது, பெரியார் களத்தில் இறங்கினார். 1951 ஜூனில் நாடாளுமன்றம் அரசமைப்புக்கு முதல் திருத்தத்தைக் கொண்டுவந்தது. கல்வியில் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) அப்படித்தான் உள்ளே வந்தது. அதே திருத்தம் இன்னொன்றையும் செய்தது. ஒன்பதாவது அட்டவணை என்று ஒரு பூட்டிய பெட்டியை உருவாக்கி, ஜமீன் ஒழிப்பு மாதிரியான 13 நிலச் சட்டங்களை அதில் வைத்தது. பெட்டிக்குள் போன சட்டம் அடிப்படை உரிமையை மீறுகிறது என்று நீதிமன்றம் அதைத் தொட முடியாது.

சரி, நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்ல, பிடிக்கவில்லை என்று நாடாளுமன்றம் அரசமைப்பையே மாற்றிவிட்டால் அப்புறம் உரிமைக்கு என்ன பாதுகாப்பு? அடுத்த 20 வருடமும் இந்தச் சண்டைதான்.

[திரையில்: பிரிவு 13]

உரிமையைப் பறிக்கும் எந்தச் சட்டத்தையும் அரசு இயற்றக் கூடாது என்கிறது 13-வது பிரிவு. அரசமைப்பைத் திருத்துவதும் இந்தச் ‘சட்டம்’ என்பதற்குள் வருமா? வராது என்றது 1951-இன் சங்கரி பிரசாத் தீர்ப்பு. 1967-இல் கோலக்நாத் வழக்கில், வரும், உரிமைகளைத் தொடவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் தலைகீழாகச் சொன்னது. 11 நீதிபதிகள், 6-க்கு 5.

கோலக்நாத் வழக்கில் வாதாடிய எம்.கே. நம்பியார், டீட்ரிச் கான்ராட் என்ற ஜெர்மானிய அறிஞரின் கருத்தைப் பயன்படுத்தினார். கான்ராட் 1965-இல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பேசும்போது விபரீதமான சில கேள்விகளைப் போட்டிருந்தார். முதல் பிரிவைத் திருத்தி இந்தியாவைத் தமிழ்நாடு, இந்துஸ்தான் என்று இரண்டாகப் பிரிக்கலாமா? உயிர் வாழும் உரிமையைத் தரும் 21-வது பிரிவை ஒரே திருத்தத்தில் எடுத்துவிடலாமா? ஹிட்லர் காலத்தைப் பார்த்த நாட்டிலிருந்து வந்தவருக்கு இது வெறும் கற்பனை இல்லை. சில அடிப்படைகளை யாரும் திருத்தவே முடியாது என்று ஜெர்மனி தன் 1949 அரசமைப்பில் எழுதியே வைத்திருக்கிறது. நம்முடையதில் அப்படி ஒரு வரி இல்லை.

1971-இல் நாடாளுமன்றம் 24-வது திருத்தம் போட்டு கோலக்நாத்தை முறியடித்தது. அடுத்து வந்தது கேசவானந்த பாரதி வழக்கு.

[திரையில்: 13 நாற்காலிகள். 7 ஒரு பக்கம், 6 மறுபக்கம்.]

காசர்கோடு எடனீர் மடத்தின் தலைவர் அவர். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தால் மடத்தின் நிலம் போகிறது என்று வந்தார். 13 நீதிபதிகள் 68 நாள் கேட்டார்கள். 1973 ஏப்ரல் 24 அன்று ஒன்றல்ல, 11 தனித்தனித் தீர்ப்புகள் வந்தன. ஆறு பேர் ஒரு பக்கம், ஆறு பேர் எதிர்ப்பக்கம். நடுவில் எச்.ஆர். கன்னா. உரிமைகள் உட்பட எதையும் திருத்தலாம், ஆனால் ‘திருத்தும்’ அதிகாரத்தில் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்கும் அதிகாரம் அடங்காது என்பது அவர் நிலை. 7-க்கு 6 என்று அதுவே நாட்டின் சட்டமானது.

இந்த வரம்பு அரசமைப்பில் எங்கும் எழுதப்படவில்லை. நீதிபதிகள்தான் உள்ளே இருப்பதாக வாசித்துக் காட்டினார்கள். தேர்தலில் நிற்காதவர்களுக்கு இவ்வளவு அதிகாரமா என்று கேட்பவர்களை அலட்சியப்படுத்த முடியாது. அடிப்படைக் கட்டமைப்பு எது என்று முழுப் பட்டியலும் கிடையாது, வழக்குக்கு வழக்குதான் முடிவாகிறது. ஆனால் இரண்டே வருடத்தில் நடந்ததைப் பார்த்தால் அந்த வரம்பு தேவையில்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

1975 ஜூனில் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்றது அலகாபாத் உயர் நீதிமன்றம். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே, பிரதமரின் தேர்தலை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்று 39-வது திருத்தம் வந்தது. நெருக்கடி நிலைக்கு நடுவே, அதே ஆண்டு நவம்பரில், உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை ரத்து செய்தது. தேர்தல் வெற்றி மட்டும் செல்லும் என்றது. உடனே கேசவானந்த தீர்ப்பையே மறுபரிசீலனை செய்ய 13 பேர் அமர்வு கூடியது. இரண்டு நாள் வாதத்துக்குப் பிறகு தலைமை நீதிபதி ஏ.என். ரே அந்த அமர்வைக் கலைத்துவிட்டார். திருத்தத்தை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று 42-வது திருத்தம் சேர்த்த வரிகளும் 1980-இல் மினர்வா மில்ஸ் வழக்கில் விழுந்தன.

[திரையில்: நீலகிரி வரைபடம், கூடலூர்]

அந்தப் பூட்டிய பெட்டி என்ன ஆனது? 13 சட்டத்தோடு தொடங்கியது 280-ஐத் தாண்டியது. கூடலூரில் ஜென்மம் எனப்படும் பரம்பரை உரிமை நிலங்களை அரசு எடுத்துக்கொள்ளும் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தில், காடுகளைப் பற்றிய பகுதியை உச்ச நீதிமன்றம் 1972-இல் ரத்து செய்தது. 34-வது திருத்தத்தால் அந்தச் சட்டம் அப்படியே பெட்டிக்குள் போய் உயிர்பெற்றது. இதை எதிர்த்த ஐ.ஆர். கொய்லோ வழக்கில் 2007 ஜனவரி 11 அன்று 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள்: 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு பெட்டிக்குள் போன எந்தச் சட்டத்தையும் திறந்து பார்க்கலாம். அது உரிமைகளை எவ்வளவு பாதிக்கிறது, அந்தப் பாதிப்பு அடிப்படைக் கட்டமைப்பை உடைக்கிறதா என்று தனித்தனியாகச் சோதிக்கலாம்.

தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டமும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. மண்டல் வழக்கில் 1992-இல் உச்ச நீதிமன்றம் 50 சதவீத உச்சவரம்பு விதித்ததும், 1994-இல் தனிச் சட்டம் இயற்றி, 76-வது திருத்தம் மூலம் 257ஏ என்ற எண்ணில் சேர்த்தார்கள். தேதியைப் பாருங்கள், 1973-க்குப் பிந்தையது. அதனால் 257ஏ-வுக்கும் கொய்லோ சோதனை பொருந்தும்.