எச்எஸ்ஏ பணம்: எதற்கு எடுக்கலாம், எதற்கு எடுக்கக் கூடாது

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்களில் பலர், அலுவலகம் ஆண்டுதோறும் முன்வைக்கும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில், மாதப் பிரீமியம் குறைவு என்பதற்காக டிடக்டிபிள் அதிகமுள்ள திட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். காப்பீடு பணம் கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டிய தொகைதான் டிடக்டிபிள். அந்தச் சுமையைத் தாங்குவதற்காகவே ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுண்ட், சுருக்கமாக எச்எஸ்ஏ, என்ற சேமிப்புக் கணக்கைச் சட்டம் அனுமதிக்கிறது. கணக்கு திறந்ததும் ஒரு டெபிட் கார்டு தபாலில் வருகிறது. சில வீடுகளில் அந்தக் கார்டு உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடக்கிறது. வேறு சில வீடுகளில் மருந்துக்கடையில் வாங்கும் அத்தனைக்கும் அதுவே நீட்டப்படுகிறது. வருமான வரிப் படிவங்களைத் தயாரித்துக் கொடுக்கும் தொழிலில் இருப்பதால் இரண்டு வகையினரையும் ஒவ்வோர் ஆண்டும் சந்திக்கிறேன். முதல் வகையினர் தமக்குரிய சலுகையை இழக்கிறார்கள். இரண்டாம் வகையினர் தெரியாமல் அபராதத்தைத் தேடிக்கொள்கிறார்கள். ஆகவே இந்தப் பணத்தை எதற்கெல்லாம் எடுக்கலாம் என்பதைப் பற்றி மட்டும் இன்று பேச விரும்புகிறேன்.

2003 டிசம்பரில் அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட, மெடிகேர் எனப்படும் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டைச் சீர்திருத்தும் சட்டத்தின் ஒரு பகுதியாக உருவான இந்தக் கணக்கு, 2004 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. போடும் பணத்துக்குக் கூட்டரசின் வருமான வரி இல்லை. கணக்கில் இருக்கும்போது அது ஈட்டும் வட்டிக்கும் முதலீட்டு லாபத்துக்கும் வரி இல்லை. தகுதியான மருத்துவச் செலவுக்கு எடுத்தால் அப்போதும் வரி இல்லை. கலிஃபோர்னியாவும் நியூஜெர்சியும் மட்டும் மாநில வரியில் இந்தச் சலுகையை ஏற்பதில்லை. 2026ஆம் ஆண்டில் தனிநபர் காப்பீடு உள்ளவர் 4,400 டாலர் வரையிலும், குடும்பக் காப்பீடு உள்ளவர் 8,750 டாலர் வரையிலும் போடலாம். 55 வயது நிறைந்தவர்களுக்குக் கூடுதலாக 1,000 டாலர் உண்டு. மருத்துவச் செலவுக்காக அலுவலகம் வழியே தொடங்கும் எஃப்எஸ்ஏ என்ற வேறொரு கணக்கில் ஆண்டு முடிவதற்குள் செலவழிக்காத பணத்தின் பெரும்பகுதி போய்விடும் என்பதால், இதற்கும் அதே விதிதான் என்று நினைத்து டிசம்பரில் தேவையில்லாத பொருள்களை வாங்கிக் குவிப்பவர்கள் இருக்கிறார்கள். எச்எஸ்ஏ பணம் ஆண்டு முடிவில் எங்கும் போகாது. வேலை மாறினாலும், காப்பீட்டுத் திட்டம் மாறினாலும், நாடு திரும்பினாலும் அது உங்களுடையதே.

எது மருத்துவச் செலவு என்பதற்குச் சட்டம் ஒரே ஓர் அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது. நோயைக் கண்டறிவதற்கோ, குணப்படுத்துவதற்கோ, தணிப்பதற்கோ, தடுப்பதற்கோ, உடலின் ஓர் உறுப்பை அல்லது அதன் செயல்பாட்டைச் சீர்செய்வதற்கோ செய்யப்படும் செலவாக அது இருக்க வேண்டும். பொதுவாக உடம்புக்கு நல்லது என்பது போதாது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், பட்டியலைப் பாராமலேயே பெரும்பாலான கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். மருத்துவரைப் பார்க்கும் கட்டணம், ஆய்வகப் பரிசோதனை, அறுவை சிகிச்சை, மருத்துவமனைக் கட்டணம் ஆகியவற்றில் யாருக்கும் ஐயம் இருக்காது. பலர் கவனிக்கத் தவறுவது பல்லும் கண்ணும் காதும்தான். வழக்கமான மருத்துவக் காப்பீடு இம்மூன்றையும் பெரும்பாலும் தொடுவதில்லை. தனியே எடுக்கும் பல் காப்பீடும் ஓர் ஆண்டு வரம்போடு நின்றுவிடும். ரூட் கெனால், அதன்மேல் போடும் கேப், பல் கட்டுதல், பிள்ளைகளின் பல் வரிசையைச் சீராக்கும் பிரேசஸ், மூக்குக்கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ், அதைக் கழுவும் திரவம், பார்வையைச் சரிசெய்யும் லேசிக் அறுவை சிகிச்சை, காது கேட்கும் கருவி, அதற்கான பேட்டரி ஆகிய எல்லாவற்றையும் இந்தக் கணக்கிலிருந்து கட்டலாம். ஆனால் பல்லை வெண்மையாக்கிக் கொள்வதற்கு எடுக்கக் கூடாது, அது அழகுக்கானது. தலைமுடி நடும் சிகிச்சைக்கும் அதே காரணம் பொருந்தும்.

மனநல சிகிச்சையைத் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மனநல மருத்துவரிடமும் உளவியலாளரிடமும் பெறும் சிகிச்சை முழுமையாகத் தகுதி பெற்ற செலவு. நல்ல சிகிச்சையாளர்கள் பலர் காப்பீட்டை ஏற்பதில்லை என்பதால், ஒவ்வொரு சந்திப்புக்கும் ஆகும் தொகையைக் கணக்கிட்டு நம் வீடுகளில் சிகிச்சையையே தள்ளிப்போடுகிறார்கள். இழுப்பறையில் கிடக்கும் அந்தக் கார்டு இதற்கும் பயன்படும் என்பதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

மருந்துக்கடைக்கு வருவோம். 2020 மார்ச்சில் கொரோனா நிவாரணத்துக்காக நிறைவேறிய கேர்ஸ் சட்டத்துக்கு முந்தைய சில ஆண்டுகளில், மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கும் காய்ச்சல் மாத்திரைக்கும் ஒவ்வாமை மாத்திரைக்கும் இந்தப் பணத்தை எடுக்க முடியாமல் இருந்தது. அந்தச் சட்டம் சீட்டு வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கியதோடு, மாதவிடாய்க் காலப் பொருள்களையும் தகுதியான செலவாக்கியது. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, சர்க்கரை அளவு பார்க்கும் கருவி, அதற்கான பட்டைகள், கர்ப்பப் பரிசோதனைக் கருவி, தாய்ப்பால் எடுக்கும் பம்ப் ஆகியவையும் தகுதி பெற்றவை. சில பெரிய மருந்துக்கடைகளின் ரசீதைக் கூர்ந்து பார்த்தால், தகுதியான பொருளின் விலைக்குப் பக்கத்தில் எஃப் என்ற எழுத்து சிறிதாக அச்சாகியிருக்கும். காய்ச்சல் மாத்திரைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த எழுத்து, அதே ரசீதில் உள்ள பற்பசைக்கும் ஷாம்புவுக்கும் பக்கத்தில் இருக்காது. ஆனால் கடையின் இயந்திரம் ஏற்றுக்கொண்டது என்பதாலேயே ஒரு செலவு தகுதியானதாகிவிடாது. முடிவும் பொறுப்பும் கணக்கு வைத்திருப்பவருடையது.

குழப்பம் அதிகமாக இருப்பது சத்து மாத்திரைகளிலும் மூலிகைப் பொருள்களிலும்தான். வைட்டமின், சத்துமாவு, லேகியம், சூரணம் போன்றவற்றை உடல் தெம்புக்காக வாங்கினால் எடுக்க முடியாது. மருத்துவர் கண்டறிந்த ஒரு குறிப்பிட்ட நோய்க்குச் சிகிச்சையாக அவை பரிந்துரைக்கப்பட்டிருந்தால் மட்டுமே எடுக்கலாம். உடற்பயிற்சிக் கூடத்தின் சந்தாவும் பொதுவாகத் தகுதி பெறாது. ஆனால் உடற்பருமன், உயர் ரத்த அழுத்தம் போன்ற நோய்க்காக மருத்துவர் சொல்லிச் சேரும் எடைக்குறைப்புத் திட்டத்துக்கு எடுக்கலாம். இந்த விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டு, இணையத்தில் நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் மருத்துவக் கடிதம் தருகிறோம், அதைக் கொண்டு உணவுப் பொருள்களையும் உடற்பயிற்சிக் கருவிகளையும் வாங்கிக்கொள்ளலாம் என்று சில நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. அத்தகைய கடிதங்களை நம்ப வேண்டாம் என்று வருமான வரித் துறையான ஐஆர்எஸ் 2024 மார்ச்சில் வெளிப்படையாகவே எச்சரித்தது. உங்களைப் பரிசோதித்து வரும் மருத்துவர், உங்கள் நோயைக் குறிப்பிட்டு எழுதிய கடிதத்துக்கு மதிப்பு உண்டு. விற்பவரே ஏற்பாடு செய்யும் கடிதத்தை நான் ஒருபோதும் நம்பமாட்டேன்.

காப்பீட்டுப் பிரீமியத்தைப் பொதுவாக இந்தப் பணத்தில் கட்ட முடியாது. வேலை போன பிறகு பழைய காப்பீட்டைத் தொடரும் கோப்ரா பிரீமியமும், வேலையின்மை உதவித்தொகை பெறும் காலத்தில் கட்டும் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியமும் இதற்கு விலக்கு. பணிநீக்கம் பற்றிய செய்திகள் அடிக்கடி வரும் இந்த நாட்களில் இது பெரிய ஆறுதல், ஏனென்றால் கோப்ரா பிரீமியம் ஒரு குடும்பத்தின் கையை நன்றாகவே கடிக்கும். 65 வயதுக்குப் பிறகு மெடிகேர் பிரீமியத்தையும் கட்டலாம். ஆனால் மெடிகேப் எனப்படும் துணைக் காப்பீட்டுக்கு அது பொருந்தாது.

அடுத்தது, யாருக்காகச் செலவழிக்கலாம் என்பது. உங்களுக்கு, வாழ்க்கைத் துணைக்கு, வரிப் படிவத்தில் உங்களைச் சார்ந்தவர்களாக வருபவர்களுக்கு. துணையும் பிள்ளைகளும் உங்கள் காப்பீட்டுத் திட்டத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மாறாக, 26 வயது வரை உங்கள் காப்பீட்டில் இருக்கும் மகனோ மகளோ வரிப்படி உங்களைச் சாராதவராகிவிட்டால், அவருடைய செலவுக்கு உங்கள் கணக்கைத் தொடக் கூடாது.

பெற்றோரைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். ஊரில் இருக்கும் அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சைக்கு நாம்தான் பணம் அனுப்புகிறோம், அதை இந்தக் கணக்கிலிருந்து எடுக்கலாமா என்கிறார்கள். எடுக்க முடியாது. அமெரிக்கக் குடிமகனாகவோ, அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய நாடுகளில் ஒன்றில் வசிப்பவராகவோ இல்லாத ஒருவரை இந்த நாட்டின் வரிச் சட்டம் சார்ந்தவராக ஏற்பதில்லை. அவருடைய முழுச் செலவையும் நீங்களே ஏற்றாலும் நிலைமை அதுதான். சில மாதங்களுக்கு வந்து போகும் பெற்றோருக்கும் பெரும்பாலும் இதே நிலைதான். இது எனக்கு உவப்பான விதி அன்று. ஆனாலும் விதி அது. கிரீன் கார்டு பெற்று இங்கே வசிக்கும் பெற்றோரின் வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் ஏற்றால், அவர்களுடைய மருத்துவச் செலவுக்கு எடுக்கலாம். சார்ந்தவருக்கு வரிச் சட்டம் பொதுவாக விதிக்கும் வருமான உச்சவரம்பு எச்எஸ்ஏ செலவுக்குப் பார்க்கப்படுவதில்லை. ஆகவே அப்பாவுக்கு ஊரிலிருந்து சிறிது ஓய்வூதியம் வருகிறது என்பது தடையாகாது.

ஊருக்குப் போகும்போது நீங்களே செய்துகொள்ளும் சிகிச்சை வேறு. விடுமுறையில் சென்னையிலோ மதுரையிலோ உங்களுக்கோ துணைக்கோ சார்ந்த பிள்ளைக்கோ பல் சிகிச்சை செய்தால், அந்தச் செலவு இங்கே செய்ததைப் போலவே தகுதி பெறும்; அங்கும் இங்கும் சட்டப்படியான சிகிச்சையாக இருந்தால் போதும். மருத்துவர் எழுதித் தந்த மருந்தை அங்கேயே வாங்கி அங்கேயே உட்கொண்டால் அதுவும் தகுதி பெறும். ஆறு மாதத்துக்கு வாங்கிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் பொதுவாகத் தகுதி பெறாது. தங்கையின் திருமணத்துக்குப் போன இடத்தில் பல்லைக் கட்டிக்கொண்டவர், விமானக் கட்டணத்தை மருத்துவச் செலவாகக் காட்ட முடியாது. பயணத்தின் முதன்மை நோக்கமே சிகிச்சையாக இருந்தால்தான் போக்குவரத்துச் செலவு சேரும். தங்கும் செலவுக்கும் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 50 டாலர்தான் வரம்பு.

ஊரில் கிளினிக்குகளில் கேட்காமல் விரிவான பில் கொடுப்பது அரிது. 'பல் சிகிச்சை, 18,000 ரூபாய்' என்று எழுதி முத்திரை குத்திய துண்டுச் சீட்டு போதாது. நோயாளியின் பெயர், தேதி, எந்தப் பல்லுக்கு என்ன செய்யப்பட்டது, தொகை, மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கும்படி லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். கார்டில் கட்டினால் டாலர் மதிப்பு அறிக்கையிலேயே வந்துவிடும். ரொக்கமாகக் கட்டினால் அன்றைய மாற்று விகிதத்தைக் குறித்து வையுங்கள். அமெரிக்க மருந்துக்கடைகளின் வெப்பத் தாள் ரசீதில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால், வாங்கிய அன்றே படம் எடுத்துச் சேமிப்பது நல்லது.

ரசீதைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆண்டுக்கு எவ்வளவு எடுத்தீர்கள் என்ற மொத்தத் தொகையைத்தான் கணக்கை வைத்திருக்கும் நிறுவனம் 1099-எஸ்ஏ படிவத்தில் வரித் துறைக்குச் சொல்கிறது. எதற்கு எடுத்தீர்கள் என்பதை 8889ஆம் படிவத்தில் நீங்கள்தான் உறுதி கூறுகிறீர்கள். கேள்வி எழுந்தால் காட்டுவதற்கு ரசீது மட்டுமே இருக்கும். அதே ரசீது வேறொரு வழியிலும் பயன்படும். செலவு, கணக்கு தொடங்கிய நாளுக்குப் பிறகு நேர்ந்ததாக இருந்தால், அதற்கான பணத்தை எப்போது எடுக்க வேண்டும் என்று சட்டம் காலக்கெடு விதிக்கவில்லை. இன்று லேசிக் சிகிச்சைக்குக் கைப்பணத்தைக் கட்டிவிட்டு, கணக்கிலுள்ள பணத்தை முதலீட்டில் வளரவிட்டு, 10 ஆண்டுகள் கழித்து அந்த ரசீதைக் காட்டி வரியில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். காப்பீடு திருப்பித் தந்த தொகையாகவோ, வரிப் படிவத்தில் கழிவாகக் காட்டிய தொகையாகவோ அது இருக்கக் கூடாது, அவ்வளவே.

வசதி உள்ளவர்களுக்கு இது நல்ல வழிதான். ஆனால் கணக்கு வளர வேண்டும் என்பதற்காகக் கிரெடிட் கார்டில் வட்டி கட்டி வைத்தியம் பார்ப்பதையும், பரிசோதனையைத் தள்ளிப்போடுவதையும் நான் காண்கிறேன். அது மிகவும் தவறு. நோய்க்காகச் சேர்த்த பணத்தை நோய் வந்தபோது தயங்காமல் எடுங்கள்.

தகுதியில்லாத செலவுக்கு எடுத்தால், 65 வயதுக்கு உட்பட்டவருக்கு அந்தத் தொகை வருமானத்தில் சேர்வதோடு 20 விழுக்காடு அபராதமும் உண்டு. 22 விழுக்காடு வரி கட்டுபவர் 500 டாலரை அப்படி எடுத்தால் வரி 110, அபராதம் 100, ஆக 210 டாலர் போய்விடும். 65 வயதுக்குப் பிறகு அபராதம் இல்லை, வரி மட்டுமே. உண்மையிலேயே தவறுதலாக எடுத்துவிட்டால், தெரியவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் வரித் தாக்கல் கெடுவான ஏப்ரல் 15க்குள், கணக்கை வைத்திருக்கும் நிறுவனம் ஏற்குமானால், திருப்பிச் செலுத்திச் சரிசெய்துகொள்ளலாம்.

கணக்கு வைத்திருப்பவர் இறந்தால், வாரிசாகக் குறிப்பிடப்பட்ட வாழ்க்கைத் துணைக்கு அது அவருடைய சொந்த எச்எஸ்ஏவாகவே மாறும். வேறு யார் வாரிசானாலும் கணக்கு அன்றோடு முடிந்து, தொகை அந்த ஆண்டில் வாரிசின் வருமானமாகக் கருதப்படும். இறந்தவரின் மருத்துவக் கட்டணங்களை ஓராண்டுக்குள் அந்த வாரிசு கட்டினால் அந்த அளவு கழிக்கப்படும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கணக்கைத் திறந்து, பிறகு திருமணமான பலருடைய கணக்கில் வாரிசுப் பகுதி இன்னும் காலியாகவே இருக்கிறது. கணக்கின் இணையதளத்தில் பெனிஃபிஷியரி என்ற பக்கத்தில் சில நிமிடங்களில் அதை நிரப்பிவிடலாம். இந்த வாரமே நிரப்பிவிடுங்கள்.

வணக்கம்.