நல்ல மனசு மட்டும் போதுமா?

எல்லாருக்கும் வணக்கம். கிரேக்க தத்துவஞானி அரிஸ்டாட்டில்னு பேர் சொன்னதுமே பின்வரிசைல ரெண்டு பேர் போனை எடுத்துட்டாங்க, பரவாயில்ல, நான் கோழிக்கறில இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா அவரே அதைத்தான் பேசுறாரு.

நிக்கோமாக்கிய அறவியல்னு அவரோட நூல், மொத்தம் 10 பகுதி, அதுல 6வது பகுதி அறிவோட வகைகளைப் பத்தினது. அங்க ஒரு இடத்துல சொல்றாரு, சீக்கிரம் செரிக்கிற கறி உடம்புக்கு நல்லதுன்னு ஒருத்தனுக்குத் தெரியும், ஆனா எந்தக் கறி சீக்கிரம் செரிக்கும்னு தெரியாது, அவனால யாரையும் தேத்த முடியாது, கோழிக்கறி நல்லதுன்னு மட்டும் தெரிஞ்சவன் இருக்கானே அவன் எப்படியும் சமாளிச்சுடுவான். அரிஸ்டாட்டிலோட அப்பா மாசிடோனிய ராஜாவோட வைத்தியர் இல்லியா, மனுஷனுக்கு எதுக்கெடுத்தாலும் வைத்தியம் பத்தியம்னுதான் உதாரணம் வருது!

பொதுவா எது நல்லதுன்னு தெரிஞ்சா மட்டும் போதாது, இந்த இடத்துல என்ன செய்யணும்னு தெரியணும், இந்த நடைமுறை விவேகத்துக்கு கிரேக்கர்கள் வெச்ச பேரு ஃப்ரோனேசிஸ். அறத்தைப் பத்தி பேசுறவங்கள்ல ஒரு சாரார் விதியைப் பார்ப்பாங்க, இன்னொரு சாரார் விளைவைப் பார்ப்பாங்க, அரிஸ்டாட்டில் வழி வந்தவங்க ஆளைப் பார்ப்பாங்க, தைரியசாலியா, தாராளமானவனா, நேர்மையானவனா அப்படின்னு. 1958ல எலிசபெத் ஆன்ஸ்கம்னு ஒரு பிரிட்டிஷ் தத்துவவாதி ஒரு கட்டுரை எழுதி இந்தப் பேச்சை திரும்ப கிளப்பிவிட்டாங்க. சரி, குணம் நல்லா இருந்துட்டா வேலை முடிஞ்சுதா? இல்லவே இல்லங்கிறாரு அரிஸ்டாட்டில். கண்ணு தெரியாத பலசாலி வேகமா நடந்தா பலமா விழுவான்ல, விவேகம் இல்லாத நல்ல குணமும் அப்படித்தானாம்.

ஒரு ஆஸ்பத்திரி வார்டை நினைச்சுப் பாருங்க. பெரியவருக்கு கேன்சர், ரிப்போர்ட் வந்தாச்சு. பொண்ணு டாக்டரை காரிடார்லயே மறிச்சு "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார்"னு கையெடுத்துக் கும்பிடுது, உள்ள அவரு பேத்தி கல்யாணத்தை தை மாசத்துக்கு தள்ளலாமான்னு கணக்கு போட்டுட்டு படுத்திருக்காரு. உண்மையைச் சொல்லுங்கிற விதி இங்க எவ்வளவு தூரம் வரும்? எப்ப சொல்லணும், எவ்வளவு சொல்லணும், பொண்ணை வெச்சுகிட்டு சொல்லணுமா இல்லாமயா, அதெல்லாம் அதுல கிடையாது. விவேகம் உள்ள டாக்டர் என்ன பண்ணுவாரு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து "உங்களுக்கு என்ன பிரச்சனைன்னு நீங்க நினைக்கிறீங்க ஐயா"ன்னு முதல்ல கேப்பாரு. பதில் வர்ற விதத்துலயே அந்த மனுஷனுக்கு பாதி தெரியும்னு புரிஞ்சுடும், அவரு எதைக் கேக்கப் பயப்படுறாருன்னும் புரியும். நேர்மையா கருணையான்னு ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிற விஷயம் இல்ல இது, நேர்மைன்னா இந்த இடத்துல, இவருக்கு, இன்னைக்கு என்னங்கிறதைக் கண்டுபிடிக்கிறது. கோபத்தைப் பத்தியும் அரிஸ்டாட்டில் இதையேதான் சொல்றாரு, கோபப்படுறது யாருக்கும் சுலபம், சரியான ஆள்மேல, சரியான அளவுல, சரியான நேரத்துல, சரியான காரணத்துக்குப் படுறதுதான் கஷ்டம்னு.

அப்போ இது சாமர்த்தியம்தானேன்னு சிலர் கேப்பீங்க. இங்கதான் அவரு உஷாரா இருக்காரு. எதிராளி மூஞ்சியைப் படிக்கிற அதே திறமையை வெச்சு தேவையில்லாத ஒரு பேக்கேஜையும் அந்தப் பெரியவர் தலைல கட்டலாம். சாமர்த்தியத்துக்கு இலக்கு எதுவா இருந்தாலும் ஒண்ணுதான். விவேகம் அப்படி இல்ல, நல்ல குணம் இல்லாம விவேகம் வராது, விவேகம் இல்லாம முழுசான நல்ல குணமும் வராதுன்னு ரெண்டையும் முடிச்சு போட்டுடறாரு. சின்னப் பசங்க கணக்குல புலியா இருக்கலாம், ஆனா விவேகின்னு யாரும் சொல்றதில்ல, அதுக்கு அனுபவம் சேரணும், அனுபவத்துக்கு காலம் ஆகணும்கிறதும் அவரு சொன்னதுதான். காலேஜ் பசங்க கோச்சுக்காதீங்க, வயசானா தானா வந்துடும்னு அவரு சொல்லவே இல்ல!

விதியே வேணாமான்னா, வேணும். ஆனா கிரேக்கத்துல லெஸ்போஸ்னு ஒரு தீவுல கல் கட்டுறவங்க ஈயத்துல செஞ்ச அளவுகோல் வெச்சிருந்தாங்களாம், கல்லோட வளைவுக்கு ஏத்த மாதிரி அது வளையும். சட்டம் பொதுவா பேசுறதால தவறவிடுற இடத்துல அப்படித்தான் அளக்கணும்கிறாரு.

எனக்கு இதுல ஒரு பெரிய நெருடல் இருக்கு, அதையும் சொல்லிடறேன். விவேகி பார்க்கிறதுதான் சரின்னா யாரு விவேகின்னு யாரு சொல்றது? விவேகிக்கு உதாரணமா அவரு பெரிக்ளிஸைக் காட்டுறாரு, கி.மு. 431ல ஸ்பார்ட்டாவோட போர் தொடங்கினப்ப ஏதென்ஸை நடத்தின அதே பெரிக்ளிஸ். அதைக்கூட விடுங்க. அரசியல்னு இன்னொரு நூல்ல அடிமைக்கு ஆராய்ஞ்சு முடிவெடுக்கிற சக்தியே கிடையாது, பெண்ணுக்கு உண்டு ஆனா அதுக்கு அதிகாரம் இல்லன்னு எழுதி வெச்சிருக்காரு. நிலைமையைப் பார்க்கிற கண்ணு வேணும்னு இவ்வளவு சொன்னவரு, ஊரே அடிமைங்க உழைப்புல நடந்துட்டிருந்தப்ப, பக்கத்துல நின்ன ஆளை பார்க்கல. நம்ம கண்ணைப் பழக்குறதே நாம வளர்ற ஊரும் வீடும்தான்னா, அந்த ஊரே பார்க்க மறுக்கிறதை ஒரு விவேகி எப்படி பார்ப்பான்? இதுக்கு அந்த 6வது பகுதில எனக்குப் பதில் கிடைக்கல. கேள்வி இருக்கிறவங்க மைக்கை வாங்கிக்கோங்க, அந்தப் போன் பார்த்த தம்பில இருந்தே ஆரம்பிக்கலாம்.