நீங்க எழுதாத ஒரு ஹெடர்: ஹெச்டிடிபி ஹெடர் இன்ஜெக்ஷனை எங்கே அடைக்கணும்?

[திரை: ஒரு ஃபயர்வாலின் லாகின் பக்கம். முகவரிப் பட்டையில் 'நெக்ஸ்ட்' பாராமீட்டர் மட்டும் மஞ்சளில்.]

ஃபயர்வாலோட அட்மின் பக்கம் ஒண்ணை லாகின் பண்ணாம திறக்கிறீங்க. சர்வர் 302, அதாவது 'வேற முகவரிக்குப் போ'ங்கிற பதிலை அனுப்பி உங்களை லாகின் பக்கத்துக்குத் திருப்பி விடும். நீங்க எங்கே போக வந்தீங்கன்னு மறக்காம இருக்க, அந்த முகவரியையும் லொகேஷன் ஹெடர்லயே, அதாவது பதிலோட தலைப்பகுதியில எங்கே போகணும்னு சொல்ற வரியிலயே, 'நெக்ஸ்ட்'னு சேர்த்து அனுப்பும். விபிஎன் போர்ட்டல், வைஃபைல முதல்ல லாகின் கேட்கிற கேப்டிவ் போர்ட்டல், வெப் ஃபில்டர்னு பல இடத்துல இதே வேலை நடக்குது. ஹெடர் இன்ஜெக்ஷனுக்கு, அதாவது வெளியாள் உங்க பதில்ல தன் ஹெடரை நுழைக்கிற தாக்குதலுக்கு, முதல்ல தேட வேண்டிய இடமும் இதுதான்.

ஹெச்டிடிபி 1.1-ல ஒரு ஹெடர் எங்கே முடியுதுன்னு காட்டுறது ரெண்டே பைட்: 13, 10. கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீட். இந்த ஜோடி ஒரு தடவை வந்தா அந்த ஹெடர் முடிஞ்சது. அடுத்தடுத்து ரெண்டு தடவை வந்தா ஹெடர் பகுதியே முடிஞ்சது.

இப்போ தாக்குறவர் ஒரு லிங்க் தயார் பண்றார். முகவரிக்குப் பின்னால சதவீதக் குறி, பூஜ்யம், டி. மறுபடி சதவீதக் குறி, பூஜ்யம், ஏ. யூஆர்எல்-ல அதே 13, 10-ஐ எழுதுற முறை இது. சர்வர் இதை டிகோட் பண்ணி அப்படியே லொகேஷன்ல ஒட்டிடுச்சுன்னா, வெளியே போற பதில் இப்படி இருக்கும்.

[திரை:
ஹெச்டிடிபி/1.1 302
லொகேஷன்: /லாகின்?நெக்ஸ்ட்=/முகப்பு
செட்-குக்கி: செஷன்=தாக்குபவர் தேர்ந்தெடுத்த எண்]

கடைசி வரியை உங்க கோடு எழுதவே இல்லை. பிரௌசருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, சர்வர் கொடுத்த குக்கின்னு நம்பி எடுத்து வச்சுக்கும். லிங்க்கைத் தொட்ட அட்மின் அதே செஷன் எண்ணோட (சர்வர் ஆளை அடையாளம் காணுற எண்) பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போறார். லாகின் ஆனதும் செஷன் எண்ணை மாத்தாத மென்பொருளா இருந்தா, தாக்குறவரும் அதே எண்ணை வச்சு உள்ளே வந்துடுவார். நெட்வொர்க்கைக் காக்க வச்ச கருவியோட அட்மின் உரிமையே போச்சு. அதனாலதான் இந்த ஓட்டையைச் சின்ன விஷயம்னு ஒதுக்கக் கூடாதுன்னு திரும்பத் திரும்பச் சொல்றேன்.

ஜோடியை ரெண்டு தடவை போட்டு, பின்னால ஒரு போலிப் பதிலையே ஒட்டவும் முடியும். அதுக்குப் பேர் ரெஸ்பான்ஸ் ஸ்ப்ளிட்டிங். நடுவுல பதில்களைக் கைமாத்துற ப்ராக்ஸி சர்வர் அந்தப் போலியைக் கேஷ்ல, அதாவது தன் தற்காலிகச் சேமிப்புல, வச்சுட்டா, லிங்க்கைத் தொடாதவங்களும் மாட்டுவாங்க. 2004-லேயே விரிவா எழுதப்பட்ட தாக்குதல் இது. மென்பொருள் பலவீனங்களோட பட்டியலான சிடபிள்யூஇ-ல இதுக்கு 113-ஆவது எண்.

சரி, எப்படி அடைக்கிறது? உள்ளே வர்ற பாராமீட்டர்ல அந்தச் சதவீதக் குறித் தொடரைத் தேடி அழிச்சுடலாம்னு முதல்ல தோணும். அது நிக்காது. சதவீதக் குறியையே இன்னொரு தடவை என்கோட் பண்ணி அனுப்பினா தேடலுக்குச் சிக்காது, பின்னால எங்கேயோ ரெண்டாவது டிகோட்ல உயிர் வந்துடும். ஜோடியை மட்டும் தேடினாலும் பத்தாது. தனியா வர்ற 10-ஐயே வரி முடிவா எடுத்துக்க ஹெச்டிடிபி விதியே இடம் கொடுக்குது.

இதைவிட நுட்பமா ஒண்ணு 2016-ல, சர்வர்ல ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுற நோட் ஜேஎஸ்-ல நடந்தது.

[திரை: 269 − 256 = 13. 266 − 256 = 10.]

அங்கே சோதனை இருந்தது. எழுத்து 13-ஆ, 10-ஆன்னு பார்த்துத் தடுத்தது. ஆனா தலைமேல குறி வச்ச ரெண்டு லத்தீன் எழுத்துகள் இருக்கு, யூனிகோட்ல 269-உம் 266-உம். சோதனை அவற்றை விட்டுடுச்சு. அப்புறம் எழுதும்போது ஒரு எழுத்துக்கு ஒரு பைட்னு சுருக்கினதுல மேல இருந்த 256 உதிர்ந்துபோச்சு. ஒயர்ல போனது 13, 10. அந்த வருஷமே 4.3.0, 5.6.0 பதிப்புகள்ல சரி பண்ணினாங்க.

அதாவது பார்க்க வேண்டியது உள்ளே வர்ற எழுத்தை இல்லை, வெளியே போகப்போற பைட்டை.

[திரை:
ஹெடர்_எழுது(பெயர், மதிப்பு)
  பைட்கள் = மதிப்பைப் பைட்டாக மாற்று
  0 (நல் பைட்), 10, 13 இருந்தால்: லாக் எழுது, பதிலை நிறுத்து
  இல்லையென்றால்: அதே பைட்களை அனுப்பு]

எல்லா ஹெடரும் இந்த ஒரே ஃபங்ஷன் வழியாத்தான் போகணும். சோதிச்ச அதே பைட்கள்தான் போகணும், நடுவுல இன்னொரு மாற்றம் கூடாது. ஹெடரோட பெயர் வெளியிலிருந்து வருதுன்னா அதையும் சோதிங்க. ஹெச்டிடிபி-யோட தர ஆவணம், 2022-ல வந்த ஆர்எஃப்சி 9110, ஹெடர் மதிப்புல இந்த மூணு பைட்டை வாங்குற பக்கம் செய்தியை நிராகரிக்கணும், இல்லேன்னா அவற்றை ஸ்பேஸா மாத்தணும்னு சொல்லுது. நான் நிராகரிக்கத்தான் சொல்வேன். நியாயமான எந்த ரிக்வெஸ்ட்டுக்கும் அவை தேவையில்லை, மாத்தி அனுப்பினா தாக்குதல் நடந்த தடயமும் மறைஞ்சுடும்.

'நெக்ஸ்ட்' மதிப்பைத் திரும்ப என்கோட் பண்ணித்தான் லொகேஷன்ல வைக்கணும். லாகினுக்கு அப்புறம் அதே மதிப்பை வச்சுத் திருப்பி விடும்போது, ஒத்தைச் சாய்கோட்டில் தொடங்குற உள் முகவரியா மட்டும் ஏத்துக்கணும். லாகின் ஆனதும் செஷன் எண் புதுசா பிறக்கணும்.

உங்க சர்வருக்கு முன்னால என்ஜின்எக்ஸ்ங்கிற வெப் சர்வர் வச்சிருக்கீங்களா? ரீடைரக்ட் வரியைத் திறந்து பாருங்க. 'யூஆர்ஐ'ங்கிற மாறி டிகோட் ஆனது, அதை லொகேஷன்ல போட்டா இதே ஓட்டை. 'ரெக்வெஸ்ட் யூஆர்ஐ' வந்தபடியே இருக்கும், அதைப் போடுங்க. ஹெச்டிடிபி 2 பைனரி வடிவம், அங்கே புது வரிக்கு வேலை இல்லைன்னு நிம்மதியா இருக்கவும் முடியாது. பின்பக்கம் 1.1-ஆ மாத்தி அனுப்புற கேட்வேயில பழைய கதை திரும்ப ஆரம்பிக்கும்.

டெஸ்ட் எழுதும்போது தனி 13, தனி 10, ஜோடி, ரெட்டை என்கோடிங், அந்த 269-உம் 266-உம், அஞ்சையும் சேருங்க. பிரௌசர்ல பார்த்து முடிவு பண்ணாதீங்க. கர்ல்ங்கிற கமாண்ட்-லைன் கருவியில பதிலை ஹெடரோட எடுத்து, பைட் பைட்டா பாருங்க. அது முடிஞ்சதும் கோடு முழுக்க ஒரு தேடல் போடுங்க: இந்த ஃபங்ஷனைத் தொடாம நேரா சாக்கெட்ல (நெட்வொர்க் இணைப்புல) ஹெடர் எழுதுற இடம் இன்னும் எங்கேயாவது இருக்கா? பழைய சி கோடுல, பிழைப் பக்கம் அனுப்புற பகுதியை முதல்ல திறங்க.