1666: கதவுக்கு உள்ளே இருந்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். பதினேழாம் நூற்றாண்டில் ஏதாவது ஒரு வருடத்தை எடுத்துக்கொண்டு பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை, 1666 என்று சொல்லிவிட்டேன். காரணம் என் அம்மா. 2020-இல் ஊரடங்கு போட்டார்களே, அப்போது எண்பது தாண்டிய அம்மாவும் நானும் மட்டும் வீட்டில் இருந்தோம். அம்மாவுக்கு ராத்திரியில் தூக்கம் பிடிக்காது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, பகலில் படித்த வரலாற்றையெல்லாம் கதையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். முப்பது வருடம் வகுப்பில் வரலாறு நடத்தியவள் நான். ஷாஜகான் ஒரு பாடம், சிவாஜி இன்னொரு பாடம், லண்டன் தீ வேறொரு பாடம், நியூட்டன் அறிவியல் டீச்சருடைய பாடம் என்று பிரித்துப் பிரித்தே பழகியிருந்தேன். அம்மாவுக்குச் சொல்லும்போதுதான், இவர்கள் எல்லாருக்கும் வருடம் ஒன்று, அதோடு நிலைமையும் ஏறக்குறைய ஒன்று என்பது உறைத்தது. அந்த ஒரு வருடத்தில் எத்தனை பேர் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்திருக்கிறார்கள்!

முதலில் ஆக்ராவுக்குப் போவோம். வருடம் பிறந்த ஜனவரியிலேயே ஷாஜகான் இறந்துபோகிறார். 74 வயது. மகன் ஔரங்கசீப் 1658-இல் அவரை ஆக்ரா கோட்டைக்குள் அடைத்தார், அதிலிருந்து ஏழரை வருடம் வெளியே விடவில்லை. கோட்டையின் ஆற்றுப் பக்கத்தில் முஸம்மன் புர்ஜ் என்று எட்டுப் பட்டையாக ஒரு மாடம் உண்டு. அங்கே நின்று பார்த்தால் யமுனை வளைந்து போவதும், அந்த வளைவில் தாஜ்மகாலும் தெரியும். இரண்டரை கிலோமீட்டர்தான் இருக்கும். இந்துஸ்தானத்தையே ஆண்டவருக்கு அந்த இரண்டரை கிலோமீட்டரைக் கடக்க அனுமதி இல்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அவரோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அவரைவிட முக்கியமாகப் படுவது அவருடைய மூத்த மகள் ஜஹானாரா. சாதாரண இளவரசி இல்லை, அம்மா மும்தாஜ் இறந்தபோது 17 வயதில் அரண்மனையின் முதல் பெண்மணி பொறுப்பை ஏற்றவர். சூரத் துறைமுகத்தின் வருமானம் அவருக்குப் போனது, சொந்தமாகக் கப்பல் வைத்திருந்தார், டெல்லியில் இன்று எல்லாரும் போய் நெரிசலில் மாட்டிக்கொள்கிற சாந்தினி சவுக் அவர் அமைத்த கடைவீதிதான். அப்படிப்பட்டவர், தம்பி அப்பாவை அடைத்தபோது தானாகவே உள்ளே போய் அப்பாவோடு தங்கிவிட்டார். ஏழரை வருடம்! கிழவரைப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று வீட்டில் வயதானவர்களை வைத்திருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கஞ்சி, மருந்து, முதுகைத் தாங்கி உட்கார வைப்பது, சொன்னதையே திரும்பச் சொல்வதைக் கேட்பது. அரண்மனையில் பணிப்பெண்கள் இருந்திருப்பார்கள்தான், ஆனாலும் கூப்பிட்ட குரலுக்கு மகள் வருவது வேறு.

அப்பா கண்மூடியதும், பேரரசருக்கு உரிய மரியாதையோடு ஊர்வலமாக எடுத்துப் போக வேண்டும் என்று ஜஹானாரா ஆசைப்பட்டார். அது நடக்கவில்லை. மாடத்தின் அடியில் மூடியே கிடந்த கதவு ஒன்றைத் திறந்து, அது வழியாக உடலை வெளியே கொண்டுவந்து, ஆற்றோடு தாஜ்மகாலுக்குக் கொண்டுபோய், மும்தாஜ் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். அடக்கத்துக்கு ஔரங்கசீப் வரவில்லை. அங்கே போனால் ஒரு விஷயத்தைக் கவனித்துப் பாருங்கள்: தாஜ்மகாலில் இடமும் வலமும் அச்சு அசலாக ஒத்திருக்கும், மும்தாஜின் கல்லறை மிகச் சரியாக நடுவில் இருக்கும், ஷாஜகானுடையது மட்டும் மேற்கே ஒதுங்கி, அந்த ஒழுங்கைக் குலைத்துக்கொண்டு கிடக்கும். ஏழரை வருடம் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அவ்வளவு இடம்தான் கிடைத்தது.

சரி, அதே ஆக்ரா, நான்கு மாதம் கழித்து. மே 12-ஆம் தேதி, ஔரங்கசீப்பின் பிறந்தநாள் தர்பார். முந்தைய வருடம் புரந்தர் உடன்படிக்கையில் 23 கோட்டைகளை விட்டுக்கொடுத்த சிவாஜி, ஔரங்கசீப்பின் படைத்தலைவர் ராஜா ஜெய்சிங் சொன்ன வார்த்தையை நம்பி, ஒன்பது வயது மகன் சம்பாஜியைக் கூட்டிக்கொண்டு அத்தனை தூரம் வருகிறார். வந்தவரைப் பின்வரிசையில், ஐயாயிரம் குதிரை என்ற தகுதியுள்ள மன்சப்தார்களோடு, அதாவது மொகலாய அதிகாரிகளோடு, நிற்க வைத்தார்கள். அவர் பொறுக்கவில்லை. சபையிலேயே ஜெய்சிங்கின் மகன் ராம்சிங்கிடம் கோபமாகப் பேசிவிட்டு, பேரரசருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியேறினார். அவ்வளவுதான், தங்கியிருந்த இடத்தைச் சுற்றிக் காவல் போட்டுவிட்டார்கள். காவலுக்குப் பொறுப்பு ஊர்க் கொத்தவால், அதாவது நகரக் காவல் அதிகாரி, ஃபுலாத் கான். நம் சென்னைக் கொத்தவால்சாவடியில் இருக்கிற அதே கொத்தவால்தான்.

மிட்டாய்க் கூடைக் கதை உங்களுக்குத் தெரியும். உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டார், தானம் என்று சொல்லித் தினமும் கூடை கூடையாக இனிப்பு வெளியே போனது, காவலர்கள் சோதித்துச் சோதித்துச் சலித்துப்போன ஒரு நாளில் கூடையோடு கூடையாக அவரும் பிள்ளையும் போய்விட்டார்கள் என்பார்கள். எப்படிப் போனாரோ, ஆகஸ்ட் 17 அன்று அவர் அங்கே இல்லை. எனக்கு இந்தக் கதையில் நெஞ்சைத் தொடுகிற ஆள் ஹிரோஜி ஃபர்சந்த். சிவாஜியின் மோதிரத்தைப் போட்டுக்கொண்டு, போர்வையை இழுத்து மூடி, கையை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி நீட்டிக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தவர் அவர். அந்த ராத்திரி கதவுக்கு வெளியே ஒவ்வொரு காலடிச் சத்தமும் அவர் காதில் எப்படி விழுந்திருக்கும்!

நம் ஊர்ப் பக்கமும் ஒருவர் அடைபட்டிருந்தார். மெட்ராஸ் புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏஜென்டாக இருந்தவர் எட்வர்ட் விண்டர். அவரை நீக்கிவிட்டு ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்பவரை லண்டனிலிருந்து அனுப்பினார்கள். 1665 செப்டம்பரில் விண்டர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, இந்த மனிதர் மன்னருக்கு எதிராகப் பேசினார் என்று பழிபோட்டு, சண்டையில் ஒருவர் உயிரையும் எடுத்து, ஃபாக்ஸ்கிராஃப்டைக் கோட்டைக்குள்ளேயே சிறைவைத்தார். 1668 ஆகஸ்ட் வரைக்கும்! ஆக 1666 முழுக்க மெட்ராஸை ஆண்டது பதவி பறிக்கப்பட்டவர். பதவிக்கு வந்தவர் அதே மதிலுக்குள் கைதி. லண்டனுக்குக் கடிதம் போய்ச் சேரவே மாதக்கணக்கில் ஆகும், பதில் வர இன்னும் அவ்வளவு காலம். அந்தக் காலத்துக் கடல்தூரம் எப்படிப்பட்டது என்று புரிய இந்த ஒரு சம்பவம் போதும்.

அந்த லண்டனே அப்போது நொந்து கிடந்தது. 1665-இல் பிளேக். நோய் கண்ட வீட்டை, உள்ளே இருப்பவர்கள் எல்லாரோடும் சேர்த்து 40 நாள் பூட்டி, கதவில் சிவப்புச் சிலுவை போட்டு, ‘ஆண்டவரே எங்கள்மேல் இரங்கும்’ என்று எழுதி வைத்தார்கள். அது தணிகிற நேரத்தில், 1666 செப்டம்பர் 2, ஞாயிறு விடிவதற்கு முன்னால், புட்டிங் லேன் என்ற சந்தில் தாமஸ் ஃபாரினர் என்பவருடைய ரொட்டி அடுப்படியில் தீ பிடித்தது. வீட்டுக்காரர்கள் மாடி ஜன்னல் வழியாக ஏறிப் பக்கத்து வீட்டுக்குத் தப்பினார்கள், வேலைக்கார அம்மா ஒருவர் பயந்து ஏற மறுத்துவிட்டார். தீயின் முதல் பலி அவர். நான்கு நாளில் 13,200 வீடுகள், 87 தேவாலயங்கள், செயின்ட் பால் பேராலயமும் சேர்ந்து சாம்பல். ராபர்ட் ஹூபர்ட் என்ற பிரெஞ்சுக்காரர், மனநிலை சரியில்லாதவர், நான்தான் வைத்தேன் என்று சொல்ல, அக்டோபரில் தூக்கில் போட்டார்கள். அவர் வந்த கப்பல் லண்டனை அடைந்ததே தீ தொடங்கி இரண்டு நாள் கழித்துத்தான் என்று பிறகு தெரிந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும்.

வருட எண்ணில் 666 இருக்கிறதே, பைபிளில் அது கொடிய மிருகத்தின் எண்ணாயிற்றே, உலகம் முடியப் போகிறது என்று வேறு பலர் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். துருக்கியில் தன்னை மெசியா, அதாவது யூதர்கள் காத்திருந்த மீட்பர், என்று சொன்ன சபத்தாய் சேவியையும் அந்த வருடம் சிறையில் போட்டார்கள். செப்டம்பரில் சுல்தான் முன்னால் நிறுத்தியதும் அவர் இஸ்லாத்துக்கு மாறிவிட, அவரை நம்பி வீடுவாசலை விற்றுவிட்டுக் காத்திருந்த யூதர்கள் எத்தனையோ பேர். இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட் சிறையில் ஜான் பன்யன் இருந்தார், உரிமம் இல்லாமல் பிரசங்கம் செய்தார் என்பது குற்றம். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று சிறையில் உட்கார்ந்து செருப்பு நாடா பின்னி விற்றார். அந்த நாடா பின்னிய கை எழுதிய கதைதான் பின்னால் நம் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை கையில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற தமிழ்க் காப்பியமாக வந்தது.

இனி ஒரு கிராமம். டெர்பிஷயர் மலைப்பகுதியில் ஈயம் என்று ஓர் ஊர். 1665-இல் லண்டனிலிருந்து அங்கே ஒரு தையல்காரருக்குத் துணி மூட்டை வந்தது, ஈரமாக இருந்ததால் கணப்பு அருகே விரித்துக் காய வைத்தார்கள், துணியில் தெள்ளுப்பூச்சி இருந்திருக்கிறது. அதைப் பிரித்த உதவியாள் ஜார்ஜ் விக்கர்ஸ் சில நாளில் இறந்தார். குளிர்காலத்தில் குறைந்த நோய் 1666 கோடையில் மறுபடி எழுந்தபோது, பாதிரியார் வில்லியம் மாம்பெசன், அவருக்கு முன் அங்கே பாதிரியாராக இருந்த தாமஸ் ஸ்டான்லி இருவரும் ஊரைக் கூட்டி, நாம் யாரும் வெளியே போக வேண்டாம், அக்கம்பக்கத்து ஊர்களுக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம் என்று கேட்டார்கள். ஊர் ஒப்புக்கொண்டது. எல்லையில் ஒரு கல், அதில் சின்னச் சின்னக் குழிகள், குழியில் வினிகர், வினிகருக்குள் காசு. வெளியூர்க்காரர்கள் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தக் கல் இன்றும் இருக்கிறது. வழிபாட்டைத் திறந்த வெளிக்கு மாற்றினார்கள், குடும்பம் குடும்பமாகத் தள்ளித் தள்ளி நின்றார்கள். ஆகஸ்டில் எலிசபெத் ஹான்காக் என்ற பெண், எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே குழி தோண்டிப் புதைத்தார். தொற்றிவிடும் என்று யாரும் கிட்டே வர முடியாது. மாம்பெசனின் மனைவி கேத்தரினும் அதே மாதம் போய்விட்டார். நவம்பரில் நோய் ஓய்ந்தபோது 260 பேர் இல்லை.

இந்த இடத்தைச் சொன்னபோது அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். “ஏண்டி, அந்தப் பொம்பளை அப்புறம் என்ன ஆனாள்?” என்று கேட்டார். எலிசபெத் உயிர் பிழைத்து, ஊரைவிட்டுப் போய், மிச்சமிருந்த ஒரே மகனோடு இருந்தார் என்று சொன்ன பிறகுதான் படுத்தார்.

நியூட்டனுக்கும் அந்தப் பிளேக்தான் விடுமுறை கொடுத்தது. கேம்பிரிட்ஜை மூடிவிட்டார்கள், 23 வயதுப் பையன் வூல்ஸ்தார்ப்பில் அம்மா வீட்டில் இருந்தான். நடுவில் சில மாதம் கல்லூரிக்குப் போய்விட்டு மறுபடி திரும்பினான். அந்த வருடம் அவன் செய்ததில் ஒன்றை உங்கள் கண்முன் வைக்கிறேன். அறையை இருட்டாக்கி, ஜன்னல் கதவில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, அது வழியாக வருகிற வெயிலை முப்பட்டகக் கண்ணாடியில் விழ வைத்தான். எதிர்ச் சுவரில் நிறங்கள் விரிந்தன. நிறம் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும், வேடிக்கைப் பொருளாகவே விற்றார்கள். இவன் கவனித்தது வடிவத்தை. ஓட்டை வட்டம், சூரியனும் வட்டம், சுவரில் விழுந்ததோ அகலத்தைப்போல் ஐந்து மடங்கு நீளம்! ஏன் என்று கேட்டான். ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு அளவு வளைகிறது, வெள்ளை வெளிச்சமே பல நிறக் கலவை என்ற முடிவு அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. நுண்கணிதத்தைப் பற்றிய கட்டுரை ஒன்றை அந்த அக்டோபரில் எழுதி முடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டான், அச்சுக்குக் கொடுக்கவில்லை. லண்டன் எரிந்தது நாடு முழுக்கத் தெரிந்த வருடத்தில், இது யாருக்குமே தெரியாது.

ஆக்ராவிலிருந்து தப்பிய சிவாஜி ராஜ்கட் போய்ச் சேர்ந்தார், 1677-இல் தெற்கே வந்து செஞ்சியைப் பிடித்தார், அந்த வழியில் மெட்ராஸ் கோட்டைக்கு ஆள் அனுப்பி விஷமுறிவு மருந்துகள் கேட்டார். ஃபாக்ஸ்கிராஃப்ட் விடுதலையாகி மறுபடி பதவியில் உட்கார்ந்தார். ஜஹானாராவும் கோட்டையைவிட்டு வெளியே வந்தார். ஔரங்கசீப் அக்காவிடம் பழைய மரியாதையைத் திருப்பிக் கொடுத்தார், 1681-இல் இறக்கும் வரை அரண்மனையின் முதல் பெண்மணி அவர்தான். டெல்லி நிஜாமுதீன் தர்காவில் அவருடைய கல்லறை இருக்கிறது. சுற்றிச் சல்லடைப் பின்னலாகப் பளிங்குச் சுவர், மேலே கூரை கிடையாது. பசும்புல்லைத் தவிர வேறு எதுவும் என் கல்லறையை மூட வேண்டாம் என்று அவரே சொன்னதைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கல்லறையின் நடுவில் பளிங்கு போடாமல் மண்ணாக விட்டிருக்கிறார்கள், அதில் புல் முளைக்கும், மழை பெய்தால் நேராக அதன்மேல்தான் விழும்.