சட்டகத்துக்குள் புகைப்படம் நெளிவது ஏன்?

[திரையில்: சுவரில் மாட்டிய பெரிய கறுப்பு வெள்ளைப் படம், பக்கவாட்டு ஒளியில் அதன் நெளிவுகள் தெரிகின்றன.]

வணக்கம். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் பிற்பகல் மூடுபனி வீட்டுக்குள் வரும்போது காற்றின் ஈரப்பதன் ஏறுகிறது. இரவில் கணப்பு மூட்டினால் அது இறங்குகிறது. கடதாசியின் நார்கள் ஈரத்தை உறிஞ்சும்போது நீளவாக்கில் சிறிதளவும் குறுக்குவாக்கில் அதைவிடப் பல மடங்கும் பருக்கின்றன. இயந்திரத்தில் செய்த தாளில் பெரும்பாலான நார்கள் ஒரே திசையில் படிந்திருப்பதால், தாளும் ஒரு பக்கமாகவே அதிகம் விரிகிறது. நான்கு ஓரங்களையும் நாடாவால் ஒட்டிவிட்டால், விரிந்த தாள் போக இடமின்றி நடுவில் புடைக்கும்.

இரு புறமும் பொலித்தீன் பூச்சுள்ள சாதாரண ஸ்டூடியோத் தாளில் ஈரம் மெதுவாகவே ஏறும். கண்காட்சிக்கென அச்சிடும் பருத்தித் தாளுக்கு அந்தக் காப்பு இல்லை. விலை கூடிய தாளே விரைவாக நெளிவது இதனால்தான்.

[திரையில்: அமிலமற்ற மட்டை, மெல்லிய ஜப்பானியத் தாள், கோதுமை மாப்பொருள் (ஸ்டார்ச்) பசை.]

ஆகவே படத்தை மேல் ஓரத்தில் மட்டும் தொங்கவிட வேண்டும். ஜப்பானியத் தாளில் இரண்டு சிறு துண்டுகளைக் கிழித்து, ஒவ்வொன்றின் ஒரு நுனியையும் படத்தின் பின்புறத்தில் கோதுமை மாப்பொருள் பசையால் ஒட்டி, மறு நுனியை அமிலமற்ற பருத்தி மட்டையோடு இணைத்து, உறிஞ்சு தாளும் சிறு பாரமும் வைத்து உலர விடுங்கள். இத்துண்டு படத்தைவிடப் பலவீனமாக இருக்க வேண்டும். சட்டகம் தவறி விழுந்தால் கிழிவது துண்டாகவே இருக்கட்டும். பசை வேண்டாமென்பவர்கள், தாளை இறுக்காத பொலியெஸ்டர் மூலைப்பைகளில் செருகலாம்.

படம் கண்ணாடியைத் தொடாதபடி முன்னால் சாளரம் வெட்டிய மட்டை வேண்டும். ஈரத்தில் ஜெலட்டின் மேற்பரப்பு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால், பழுதின்றிப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். மட்டைக்கும் சட்டகத்தின் உட்புறத்துக்கும் இடையே சுற்றிலும் 2 அல்லது 3 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள்.

சூட்டு அழுத்தத்தால் படம் முழுவதையும் பலகையில் ஒட்டுவதும், அலுமினியக் கூட்டுத் தகட்டில் பதிப்பதும் தட்டையான தோற்றம் தரும். மீண்டும் அச்சிடக்கூடிய பெரிய கண்காட்சிப் படத்துக்கு அது பொருந்தும். ஒரே பிரதியாக எஞ்சியுள்ள பழைய குடும்பப் படத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒட்டியதைப் பிரிக்க வழி பெரும்பாலும் இருக்காது.

சட்டகத்தை மூடும் நாளும் முக்கியமானது. மழைக்கால மூடுபனியில் மூடினால் ஈரத்தையும் உள்ளே வைத்து அடைக்கிறோம். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வெயிலுள்ள நாளைத் தேர்ந்து, படத்தையும் மட்டையையும் ஓரிரு நாள் அதே உலர்ந்த அறையில் வைத்திருந்து மூடுங்கள். பின்பு வெளிச்சுவரைத் தவிர்த்து உட்சுவரில் மாட்டுங்கள். கீழ் மூலைகளின் பின்னால் ரப்பர் குமிழ்களை ஒட்டினால் காற்று உலாவும். தோட்டத்து பங்களாக்களில் எல்லோருக்கும் பிடித்த இடம் கணப்பின் மேல்தான். படத்துக்கு அதைவிட மோசமான இடம் அவ்வீட்டில் குளியலறை மட்டுமே.

ஏற்கெனவே நெளிந்த படத்தில் ஸ்திரிக்கைப் பெட்டியை வைக்காதீர்கள். சூட்டில் மேற்பரப்பு கெடும். சட்டகத்திலிருந்து கழற்றி, ஓரங்களின் பிடிப்பை விடுவித்து, சுத்தமான உறிஞ்சு தாள்களுக்கிடையே பாரத்தின் கீழ் உலர்ந்த அறையில் சில நாட்கள் வையுங்கள். படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்காமல், அப்படியே பழைய படங்களைப் பேணிப் பாதுகாக்கும் நிபுணரிடம் கொண்டுசெல்லுங்கள்.