மூச்சிரைக்கும் நாய்க்கு மோப்பம் வராது

அவையோருக்கு வணக்கம்.

திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போய் மாண்ட வீரனுக்கு எடுத்த கல். வீரனுக்குப் பக்கத்திலேயே ஒரு நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன், கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 1,400 ஆண்டுக்கு முன்னால் ஒரு நாய்க்குப் பெயரும் இருந்தது, வேலையும் இருந்தது, கல்வெட்டும் கிடைத்தது. இன்றைக்கு வேலை செய்கிற நாய் தோற்றுப்போகிற இடத்தைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் மனிதக் கைதான் அகப்படும். அதைப் பற்றித்தான் இன்று பேச்சு.

கோவிவன் பார்த்த வேலை இன்றும் உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்து ஆட்டுக்கிடைகளில் நடக்கிறது. வெளிநாட்டுப் படங்களில் ஆட்டை வளைத்து ஓட்டுமே, அந்த வகை நாய் அல்ல நம் கிடை நாய். இது காவல் நாய். இரண்டுக்கும் குணமே வேறு. ஓட்டுகிற நாய்க்குத் துரத்துகிற ஆசை வேண்டும். காவல் நாய்க்கு அது இருக்கவே கூடாது.

அதனால்தான் குட்டியைக் கிடைக்குக் கொண்டுவருகிற வயது முக்கியம். பால் மறந்த ஏழு, எட்டு வாரத்திலேயே கொண்டுவந்துவிட வேண்டும். ஆட்டுக்குட்டிகளை அடைக்கிற கூடாப்புக்குப் பக்கத்தில் கட்டி, அங்கேயே கஞ்சி ஊற்றினால் அவற்றின் வாசனையோடும் சத்தத்தோடும் வளரும். மூன்று, நான்கு மாதத்துக்குள் எதோடு பழகுகிறதோ அதைத்தான் நாய் தன் கூட்டம் என்று நினைக்கும். வீட்டில் செல்லமாக வளர்த்து ஒரு வயதில் கிடையில் விட்ட நாய், ஆட்டுக்குட்டியைக் கண்டால் விளையாடக் கிளம்பும், துரத்தும், காதைக் கடிக்கும். ‘சாதி நாய்னு சொல்லி ஏமாத்திட்டான்’ என்று விற்றவனைத் திட்டுவார்கள். நாய் சரிதான், மாதக் கணக்குதான் தப்பு.

இதைவிடப் பெரிய தப்பு, செத்த ஆட்டின் தலையை நாய்க்குப் போடுவது. தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும் ஆட்டை, மந்தை மேய்க்கிற கீதாரிகள் பார்த்திருப்பீர்கள். அதன் மூளையில் நீர்க்கட்டி இருக்கும். அந்த மூளையைத் தின்ற நாயின் குடலில் அது நாடாப்புழுவாக வளர்கிறது. முட்டை நாயின் மலத்தோடு புல்லில் விழுகிறது, ஆடு மேய்கிறது, மறுபடி மூளைக்கு ஏறுகிறது. காவலுக்கு வைத்த நாயே மந்தையைக் கெடுக்கிற கதை இது. தலையை ஆழப் புதையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிராசிகுவான்டல் என்ற புழு மருந்தை நாய்க்குக் கொடுங்கள். நாயின் எடை கிலோவுக்கு 5 மில்லிகிராம் கணக்கு, 20 கிலோ நாய்க்கு 100 மில்லிகிராம். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில் தொடங்கும். அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ராஜபாளையம் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பால்வெள்ளைக் குட்டிகளில் பிறவிச் செவிடு வருவதுண்டு. ஆறு வாரம் ஆனதும், குட்டி பார்க்காத பக்கமிருந்து, காற்று அதன்மேல் படாத தூரத்தில் நின்று ஒரு தட்டைத் தட்டிப் பாருங்கள். காது திரும்பவில்லை என்றால் காவலுக்கு உதவாது.

இனி மோப்ப நாய்க்கு வருவோம். மீனாட்சியம்மன் கோயிலிலோ ரயில் நிலையத்திலோ பார்த்திருப்பீர்கள். நாயின் மூக்கு நுனியில் இரண்டு பக்கமும் சின்னக் கீறல் போலப் பிளவு இருக்கும். முன்துளை வழியாக இழுத்த காற்று அந்தப் பிளவு வழியாகப் பக்கவாட்டில் வெளியேறும். முன்னால் இருக்கிற வாசனையை மூச்சுக்காற்று கலைக்காது. மோப்பம் பிடிக்கும்போது நொடிக்கு ஐந்து முறை வரை உறிஞ்சும். வாயை மூடினால்தான் இது சரியாக நடக்கும்.

சித்திரை வெயில் என்ன செய்கிறது? நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான். மற்ற சூட்டையெல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் இறக்க வேண்டும். இரைக்கிற நாய் வாயால் மூச்சு விடுகிறது, வாசனை மூக்குக்குச் சரியாகப் போவதில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு ஆற்றுமணலில் நாயை இழுத்துக்கொண்டு நடப்பது வெறும் காட்சி. சோதனையை விடியலில் முடிக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கால்மணி நேரம் வேலை, பிறகு நிழலும் தண்ணீரும். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஏழு நொடி வைத்துப் பாருங்கள். பொறுக்கவில்லை என்றால் நாயின் பாதமும் பொறுக்காது. நாயின் சாதாரண உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. வயிறு, தொடையிடுக்கு, பாதம் எல்லாம் தண்ணீர் ஊற்றிக் காற்றுப் பட விடுங்கள். ஈரச்சாக்கைப் போட்டு மூடினால் சூடு உள்ளேயே நிற்கும். முதலில் குளிர்விக்க வேண்டும், வண்டியில் ஏற்றுவது அப்புறம்.

நாயைப் பிடித்து வேலை வாங்குகிற ஹேண்ட்லரின் மனமும் நாயைக் கெடுக்கும். 2011இல் வெளிவந்த கலிஃபோர்னிய ஆய்வு ஒன்றில், நாயும் ஹேண்ட்லருமாக 18 ஜோடிகளைச் சோதித்தார்கள். எந்தப் பொருளும் ஒளிக்கப்படாத கட்டடம். சில இடங்களில் மட்டும் சிவப்புத் தாள் ஒட்டி, அங்கே பொருள் இருப்பதாக ஹேண்ட்லர்களிடம் சொன்னார்கள். அந்தத் தாள் இருந்த இடங்களில்தான் ‘நாய் காட்டியது’ என்று அதிகம் பதிவானது. கால் தயங்கினால், வாரை இறுக்கிப் பிடித்தால் நாய் கவனித்துவிடும். பயிற்சியில் பொருளை வேறொருவர் ஒளிக்க வேண்டும், ஹேண்ட்லருக்கு இடம் தெரியக் கூடாது என்பது இதனால்தான்.

கடைசியாக, களவு நடந்த வீடு. நாய் வந்து சேர்வதற்குள் ஊரே உள்ளே புகுந்து பார்த்துவிடும். பெருக்கி, பினாயில் ஊற்றித் துடைத்தும் வைத்திருப்பார்கள். எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். ஃபேனைப் போடாதீர்கள். திருடன் விட்டுப்போன துண்டோ செருப்போ கிடந்தால் தொடாமல், மேலே ஒரு சுத்தமான எவர்சில்வர் அண்டாவைக் கவிழ்த்து வையுங்கள். யார் யார் உள்ளே போனார்களோ அவர்கள் அத்தனை பேரும் நாய் வரும்வரை வாசலில் நிற்கட்டும். எந்தெந்த வாசனையை ஒதுக்க வேண்டும் என்று நாய்க்குத் தெரிய வேண்டுமே.